வெளிச்சத்துக்குள் நின்றவன்

மேருவில் கையுறைத் தொழிற்சாலை வேலை முடிந்து பெண்கள் வேனில் ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது. கிள்ளான் பக்கத்து மாலை மழை சொல்லிக்கொண்டு வராது. வானம் ஒரு பக்கம் வெளுத்திருக்கும்போதே மறுபக்கம் கொட்டித் தீர்க்கும். சீதாலெட்சுமி வைப்பரைத் தட்டிவிட்டு, கண்ணாடியில் படிந்த ஆவியைத் துணியால் துடைத்தாள். பின்னால் உட்கார்ந்தவர்களிடமிருந்து ரப்பர் பாலும் குளோரினும் கலந்த வாடை எழுந்தது. நாள் முழுக்கச் சூட்டில் நின்று கையுறை உரித்த விரல்கள் எல்லாருக்கும் வெளுத்துச் சுருங்கிக் கிடந்தன. வேன் கிளம்பியதும் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். தூங்காமல் வருகிறவள் மாரியாயி ஒருத்திதான். முன் இருக்கை அவளுடையது.

“இன்னிக்கி லைன் லீடருக்கு நல்லா குடுத்தேன்கா. மிசின் நின்னுபோனா அதுக்கு நாங்களா பொறுப்பு? டார்கெட்ட மட்டும் கொறைக்க மாட்டானாம்.”

“வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா நீ?”

“சும்மா இருந்தா மிதிச்சிட்டுப் போய்ருவானுங்க லா.”

சீதாலெட்சுமி சிரித்தாள். வீட்டில் நெத்திலிச் சம்பல் காலையிலேயே செய்து வைத்தாயிற்று. போனதும் சோறு மட்டும் வடித்தால் போதும். மகளுக்குப் பரீட்சை நெருங்குகிறது. கணவன் யுகேந்திரன் துறைமுகக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். அவன் இந்நேரம் வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டு, பசியோடு உட்கார்ந்திருப்பான்.

தார்ச்சடக்கு முழுக்கத் தண்ணீர். இருட்டு முழுசாக இறங்கவில்லை. எல்லாம் சாம்பல் நிறமாக இருந்தது. வளைவு திரும்பியதும் முன்னால் சிவப்பும் நீலமும் வெடித்தன.

“ஆக்சிடன் போலக்கா,” என்றாள் மாரியாயி.

செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று சாலையோரப் பள்ளத்தில் சாய்ந்து கிடந்தது. அதற்கு முன்னால் தீயணைப்புப் படையின் பொம்பா வண்டி. அதற்கும் முன்னால் ஆம்புலன்ஸ், எதிர்த்திசையில் வந்து நிறுத்தியதால் இவர்களைப் பார்த்தபடி நின்றது. அதன் முகவிளக்கு இரண்டும் முழு வீச்சில் எரிந்தன. கூரையில் நீலம், மூக்கில் வெள்ளைப் பொறி, பின்னால் பொம்பாவின் சிவப்பு. ஒன்று அணையும்போது மற்றது அடித்தது. ஈரச் சாலை எல்லாவற்றையும் வாங்கித் திரும்ப முகத்திலேயே எறிந்தது. வலது பக்கமாக ஒரு வண்டி போகும் அளவுக்கு வழி விட்டிருந்தார்கள்.

சீதாலெட்சுமி வேகத்தைக் குறைத்தாள். நடந்து போகிறவன் முந்திவிடக்கூடிய வேகம்தான். ஒரு கையை நெற்றியில் வைத்துக் கண்ணை மறைத்துக்கொண்டு, விட்டிருந்த வழியை மட்டும் பார்த்து ஓட்டினாள். விளக்குக்குப் பக்கத்தில் இருந்ததெல்லாம் கரிய ஓட்டையாகத் தெரிந்தது.

அந்த ஓட்டைக்குள்ளிருந்துதான் சத்தம் வந்தது. ஈர மூட்டையைக் கீழே போட்டது போல ஒரு சத்தம். மாரியாயி வீறிட்டாள்.

இறங்கி ஓடியபோது சீதாலெட்சுமிக்குக் காலில் செருப்பில்லை. இடது சக்கரத்துக்கு அருகே ஒருவன் ஒருக்களித்துக் கிடந்தான். ஆம்புலன்ஸ் ஆள். முழங்காலுக்குக் கீழே கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அவன் உடம்பில் மஞ்சள் வெஸ்ட். அதன் வெள்ளிப் பட்டை, வேன் விளக்கு பட்டுப் பளபளவென்று மின்னியது. இவ்வளவு மின்னுகிற ஒன்றை எப்படிப் பார்க்காமல் போனோம் என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. பயம் பிறகுதான் வந்தது.

கூட வேலை பார்த்தவன் ஓடிவந்து வெஸ்ட்டைக் கத்தரியால் வெட்டி ஓரமாக எறிந்தான். மழைத் தண்ணீர் அதைக் கால்வாய்ப் பக்கம் இழுத்துப் போனது. சீதாலெட்சுமி வேனுக்குள்ளிருந்து குடையை எடுத்துவந்து, அடிபட்டவன் முகத்தில் மழை விழாமல் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அவன் கண் திறந்திருந்தது. எதையும் பார்க்கவில்லை.

அன்றே அவளைப் போலிஸ் பாலாய்க்குக் கூட்டிப் போனார்கள். சார்ஜன் ஒருவர் வாக்குமூலம் எடுத்தார். குடித்திருக்கிறாளா என்று சோதித்தார்கள். வேனைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

“அவர் என்ன உடுப்பு போட்டிருந்தார்?” என்று சார்ஜன் மலாயில் கேட்டார்.

சீதாலெட்சுமி வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் நின்ற மாரியாயி முந்திக்கொண்டாள். “கருப்பு உடுப்பு துவான். ஒன்னுமே தெரியல. கருப்பு.”

சார்ஜன் சீதாலெட்சுமியைப் பார்த்தார். அவள், “சரியா பாக்கல,” என்றாள்.

வெளியே வந்ததும் மாரியாயி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். “அப்படியே வச்சுக்கக்கா. வெஸ்ட் போட்டிருந்தான்னு சொன்னீங்கன்னா, அப்ப ஏன் பாக்கலன்னு கேப்பானுங்க. ஒங்கள உள்ள தள்ளிருவானுங்க.”

அதற்குப் பிறகு வந்த நாட்களில் சீதாலெட்சுமி மின்தூக்கிச் சத்தம் கேட்டாலே கை வேலையை நிறுத்திவிடுவாள். அடுக்குமாடியின் நடைவழியில் காலடி ஓசை கேட்டால் சமையலறைக்குள் போய் நின்றுகொள்வாள். தொலைபேசி அடித்தால் யுகேந்திரன்தான் எடுப்பான். அவன் ‘ஹலோ’ சொல்லிவிட்டு அடுத்த பக்கம் சொல்வதைக் கேட்கிற அந்த நேரத்தில், அடிபட்டவன் செத்துவிட்டானோ, செத்துவிட்டானோ என்று அவள் கணவன் முகத்தையே பார்ப்பாள். கண்ணை மூடினால் சிவப்பும் நீலமும் வந்தன. சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்திருப்பாள். மகள் தட்டை எடுத்துக் கழுவி வைப்பாள்.

“ஆஸ்பத்திரிக்குப் போயி ஒரு தடவ பாத்துட்டு வந்துரட்டுமா?” என்று கணவனிடம் கேட்டாள்.

“போகாத லா. போனா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி. இன்சூரன்ஸ் ஆளும் அதத்தான் சொன்னான்.”

“உசிரோட இருக்கானான்னு மட்டும் பாத்துட்டு வந்துர்றேங்க.”

“சீதா, நான் சொல்றதக் கேளு. வாய மூடிக்கிட்டு இரு. எல்லாம் அடங்கிரும்.”

அடங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவு தட்டப்பட்டது. கம்பிக்கதவுக்கு வெளியே ஒரு பெண் நின்றாள். சூப்பர்மார்க்கெட் சீருடை, தோளில் பை, கண்ணுக்குக் கீழே கருவளையம்.

“முகுந்தனோட வைஃப் நான். லோகேஸ்வரி.”

முகுந்தன் என்ற பெயரை சார்ஜன் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அடிபட்ட ஆம்புலன்ஸ்காரன். யுகேந்திரன் கதவுக்குக் குறுக்கே நின்றான். “என்னம்மா வேணும்? எதுவா இருந்தாலும் பாலாய்ல பேசிக்கலாம்.”

“சண்ட போட வரலண்ணே. அக்காகிட்ட ஒன்னே ஒன்னு கேக்கணும்.”

சீதாலெட்சுமி கணவனை விலக்கிக் கதவைத் திறந்தாள். நாற்காலி போட்டாள். கோப்பி கலக்கட்டுமா என்று கேட்டாள். லோகேஸ்வரி வேண்டாம் என்று தலையசைத்தாள்.

“அவரு எப்படிம்மா இருக்காரு?”

“கண்ணு முழிச்சிட்டாரு. கால்ல ரெண்டு ஆபரேஷன் செஞ்சாச்சு. அன்னிக்கி நடந்தது பாதிதான் ஞாபகத்துல இருக்கு.” அவள் பையின் வாரை முறுக்கினாள். “அக்கா, அவரு வெஸ்ட் போட்டிருந்தாரா?”

யுகேந்திரன் மனைவியின் பின்னால் வந்து நின்றான்.

“கம்பெனில சொல்றாங்க, அவரு போடலன்னு. போடாம சடக்குல எறங்குனது அவரு தப்பாம். அதனால அவங்களுக்குப் பொறுப்பு இல்லையாம். அவரு வெஸ்ட் இல்லாம வண்டிய விட்டு எறங்கவே மாட்டாருக்கா. வீட்டுல குப்ப கொட்டப் போறப்பகூட கிண்டல் பண்ணுவேன், வெஸ்ட் போட்டுக்கலையான்னு. கூட இருந்த பையனக் கேட்டேன், கவனிக்கலங்கறான். அவனுக்கு வேல போயிருமோன்னு பயம். போலிஸ்ல, கருப்பு உடுப்புன்னு யாரோ சொல்லிருக்காங்க. நீங்கதானே கிட்டத்துல பாத்தீங்க?”

சீதாலெட்சுமி தரையைப் பார்த்தாள். யுகேந்திரனின் கண் தன் கழுத்தில் ஊன்றி நிற்பது அவளுக்குத் தெரிந்தது.

“நான்... சரியா பாக்கலம்மா.”

லோகேஸ்வரி முறுக்கியிருந்த பை வாரை விட்டாள். பிறகு எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: “நீங்க ஓடிப் போகாம அவரு பக்கத்துல மழையில உக்காந்து கொட புடிச்சீங்கன்னு பொம்பாக்காரரு சொன்னாரு. அந்த மாதிரி ஆளு பொய் சொல்ல மாட்டாங்கன்னு நெனச்சுத்தான் நேர்ல வந்தேன். வரேன்கா.”

மின்தூக்கி இறங்கும் சத்தம் நிற்கும்வரை சீதாலெட்சுமி கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நான் போயி சொல்லிரப் போறேன்,” என்றாள்.

“பைத்தியமா ஒனக்கு? என்னன்னு சொல்லுவ?”

“வெஸ்ட் போட்டிருந்தான்னு.”

“அப்ப நீ ஏன் பாக்கலன்னு கேட்டா?”

“தெரியல.”

“தெரியலன்னா விட்ருவானுங்களா? ஜெயிலு, சீதா. லைசன்ஸ் போறது மட்டும் இல்ல. பிள்ளைக்குப் பரீட்ச. மாரியாயியும் பொய் சொன்னவளா ஆயிருவா. யோசிச்சியா?” அவன் குரல் உடைந்தது. அவனுக்கு அவள்மேல் கோபம் இல்லை, பயம்தான். அது அவளுக்குத் தெரிந்ததால் இன்னும் கஷ்டமாக இருந்தது.

“யோசிச்சிட்டுத்தாங்க சொல்றேன். அந்தப் பொண்ணு தண்ணி கூடக் குடிக்காமப் போறா, பாத்தீங்கல்ல?”

மாரியாயியிடம் சொன்னபோது அவள் எகிறினாள். “ஒங்களுக்காகத்தானே நான் சொன்னேன்? இப்ப என்னய மாட்டி விடுறீங்களா?” போனை வைத்துவிட்டாள். திரும்ப எடுக்கவில்லை.

மறுநாள் யுகேந்திரன் வேலைக்கு லீவு போட்டான். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அவளைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் பாலாய்க்குக் கூட்டிப் போனவனும் அவனேதான். வழக்கு இப்போது இன்ஸ்பெக்டர் சிவமலரிடம் போயிருந்தது. நரைத்த முடியை இழுத்துக் கட்டியிருந்த, அதிகம் பேசாத பெண்மணி. அவருடைய அப்பா, தாத்தா எல்லாருமே அரசாங்க வேலையில் இருந்தவர்கள் என்று வாசலில் நின்ற கான்ஸ்டபிள் சொன்னான். சீதாலெட்சுமி சொன்னதை அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

“முதல்ல நீங்க சொன்னது வேற.”

“ஆமா மேடம். பயத்துல அப்படிச் சொல்லிட்டேன்.”

“இப்ப பயம் இல்லையா?”

“இப்பத்தான் மேடம் ரொம்ப.”

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “வெஸ்ட் போட்டிருந்தார். நீங்களும் மெதுவாத்தான் வந்தீங்க. அப்புறம் ஏன் தெரியல?”

“வெளிச்சம் மேடம்.”

“வெளிச்சம் இருந்தா ஆள் நல்லாத்தானே தெரியணும்?”

“அந்த வெளிச்சம் ஆளக் காட்டல மேடம். தன்னத்தான் காட்டிக்கிட்டு நின்னுச்சு.”

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டார். வியாழக்கிழமை, விபத்து நடந்த அதே மாலை நேரத்துக்கு வரச்சொல்லி அனுப்பினார்.

எதற்கு என்று சொல்லாததால் அந்த இடைப்பட்ட நாட்கள் மிகக் கொடுமையாக இருந்தன. கைது செய்யத்தான் என்று யுகேந்திரன் நினைத்தான். சீதாலெட்சுமி மகளுடைய துணிகளைத் துவைத்து மடித்து அடுக்கினாள். சம்பல், சாம்பார்ப்பொடி எல்லாம் நிறையவே செய்து பாட்டில்களில் நிரப்பி வைத்தாள். மகள் அம்மாவின் பின்னாலேயே அறைக்கு அறை நடந்தாள்.

வியாழக்கிழமையும் மழை. பாலாய்க்குப் பின்னால் இருந்த பெரிய லோரித் திடலில் வேன் நின்றது. முன்பக்கம் இடது மூலையில் நசுங்கல் அப்படியே இருந்தது. தூரத்தில் அதே ஆம்புலன்ஸையும் ஒரு பொம்பா வண்டியையும் வரவழைத்து, அன்றைக்கு நின்ற மாதிரியே நிறுத்தியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் சிவமலர் மாரியாயியின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

“ஓட்டுங்க. அன்னைக்கு வந்த மாதிரியே.”

“மேடம், நான் அதுக்கப்புறம் வண்டியத் தொடவே இல்ல.”

“மெதுவா போங்க. அங்க ஃபைசால் நிக்கிறான். நம்ம கான்ஸ்டபிள். வெஸ்ட் போட்டிருக்கான். அவனைப் பார்த்ததும் நிறுத்துங்க.”

ஆள் நிற்கிறான் என்று கேட்டதும் சீதாலெட்சுமி இன்ஸ்பெக்டரை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சாவியைத் திருப்பினாள். அதே நேரம் எதிரே எல்லா விளக்குகளும் ஒன்றாக எரிந்தன.

வேன் ஊர்ந்தது. சிவப்பு. நீலம். வெள்ளைப் பொறி. வைப்பர் ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் கண்ணாடி முழுக்க வெளிச்சம் இழுபட்டது. அவள் தேடினாள். வெறி பிடித்தவள் போல அந்தக் கரிய இடங்களுக்குள் ஒரு மனித உருவத்தைத் தேடினாள். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் ஊர்ந்தது. ஒன்றுமில்லை. அங்கே ஒருவன் நிற்கிறான், வீட்டில் அவனுக்கும் யாரோ சோறு வடித்து வைத்திருப்பார்கள், நான் அவனை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தாள்.

பிரேக்கை அழுத்தி நிறுத்திவிட்டாள்.

“தெரிஞ்சிட்டானா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“இல்ல மேடம்.”

“அப்புறம் ஏன் நிறுத்தினீங்க? போங்க.”

“மாட்டேன்.”

“போங்கம்மா. நான் பார்த்துக்கறேன்.”

“மாட்டேன் மேடம். நீங்க என்னய ஜெயில்லயே போடுங்க. நான் போக மாட்டேன்.” ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள்.

இன்ஸ்பெக்டர் கண்ணைச் சுருக்கி முன்னால் பார்த்தார். கையை நெற்றியில் வைத்து மறைத்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். பிறகு வாக்கிடாக்கியை எடுத்து மலாயில், முகவிளக்கை அணைக்கச் சொன்னார். அணைந்தது. வெள்ளைப் பொறியை அணைக்கச் சொன்னார். அதுவும் அணைந்தது. கூரை நீலமும் பொம்பாவின் சிவப்பும் மட்டும் மெல்லச் சுற்றின.

வேனின் முன்னால், கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போன்ற தூரத்தில், ஒரு இளைஞன் நின்றுகொண்டிருந்தான். மஞ்சள் வெஸ்ட். மழையில் நனைந்த முகம். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் இரத்தமே இல்லை.

இன்ஸ்பெக்டர் இறங்கி ஓடினார். சீதாலெட்சுமி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியாக அவன் மலாயில் பேசுவது கேட்டது. ஆரம்பத்திலிருந்தே கையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தானாம். மேடம் பார்த்துவிட்டீர்கள், கிட்டே வந்து நிறுத்தப் போகிறீர்கள் என்றுதான் நினைத்தானாம்.

அந்தக் காரியம் அதற்குப் பிறகும் லேசில் முடியவில்லை. பலமுறை கூப்பிட்டார்கள். பொய் வாக்குமூலத்துக்காகக் கடுமையாகத் திட்டு வாங்கினாள். ஆனால் வழக்குத் தொடரவில்லை. மாரியாயியும் ஒரு நாள் தானாகப் போய்ச் சொன்னதை மாற்றிச் சொல்லிவிட்டு வந்தாள். இரண்டு வாரம் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு பொட்டலம் மீ கோரிங்கோடு வீட்டுக்கு வந்து, “திட்டணும்னா திட்டிருங்கக்கா, சாப்பிட்டுக்கிட்டே கேக்குறேன்,” என்றாள். ஆம்புலன்ஸ் கம்பெனி, வெஸ்ட் பேச்சை அத்தோடு நிறுத்திக்கொண்டது. முகுந்தனுக்குச் சேர வேண்டியது சேர்ந்தது. கால் மட்டும் பழையபடி ஆகவில்லை.

யுகேந்திரனும் அவளும் போய் அவனைப் பார்த்தார்கள். காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். லோகேஸ்வரி கோப்பி கொண்டுவந்து வைத்தாள். முகுந்தன்தான் முதலில் பேசினான்.

“இப்பத்தான்கா கொஞ்சம் கொஞ்சமா ஞாபகம் வருது. நான் உங்களப் பாத்தேன். நல்லாவே பாத்தேன். ரொம்ப மெதுவா வந்தீங்க. எங்க வண்டி வெளிச்சம் பூரா உங்க மூஞ்சிலதான் அடிச்சுச்சு, மூஞ்சி அவ்ளோ தெளிவா தெரிஞ்சுது. நேரா என்னத்தான் பாத்தீங்க. அதான், அக்கா பாத்துட்டாங்க, நின்னுருவாங்கன்னு குறுக்க நடந்தேன்.”

சீதாலெட்சுமி கோப்பிக் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அது ஆறும்வரை கீழே வைக்கவில்லை.

வருடப் பிறப்பு கழிந்து அவள் மறுபடியும் வேன் எடுத்தாள். வேறு வழியும் இல்லை, வேறு வேலையும் தெரியாது. காப்பார் பக்கம் ஒரு மாலை, சாலையோரக் கால்வாயில் கார் ஒன்று இறங்கியிருந்தது. பொம்பா வண்டி சிவப்பாகச் சுழன்றுகொண்டிருந்தது. சீதாலெட்சுமி தூரத்திலேயே வேனை நிறுத்திவிட்டாள். பின்னால் ஹார்ன் அடித்தார்கள். ஒரு கார்க்காரன் ஜன்னலை இறக்கிக் கத்தினான். தூங்கிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்துகொண்டார்கள்.

“வழி விட்டிருக்கானுங்கக்கா, போங்க,” என்றாள் மாரியாயி மெதுவாக.

“ஆளு வரட்டும்.”

ஹார்ன் சத்தம் கூடியது. அவள் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் தலைக்கவசம் அணிந்த வயதான பொம்பாக்காரர் ஒருவர் மழையில் நடந்துவந்து கண்ணாடியைத் தட்டினார். என்ன கோளாறு என்று கேட்டார். அவள் கண்ணாடியை இறக்கி, “இந்த வெளிச்சத்துல எனக்கு ஆளு தெரியல பாக்சிக்,” என்று அந்தப் பெரியவரிடம் மலாயில் சொன்னாள். “நீங்க முன்னால நடங்க.”

அவர் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி, வேனுக்கு முன்னால் நடக்கத் தொடங்கினார். விளக்குகள் எல்லாவற்றையும் தாண்டும்வரை சீதாலெட்சுமி வேறெங்கும் பார்க்காமல், நனைந்த அந்த முதுகை மட்டும் பார்த்துக்கொண்டே ஓட்டினாள்.